மூன்றாவது கையெழுத்து

எடைமேடையம்மாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அவள் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பைக்குள் ஒரு போர்வை, ஒரு ஃபிளாஸ்க், மாத்திரை டப்பா, பாதி மட்டும் நிரப்பிய தண்ணீர் பாட்டில். எல்லாம் அவருக்கு. அவர் இல்லை என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அவளுக்கும் நன்றாகவே தெரியும். அவள் கைக்கும் காலுக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் முப்பது வருஷம் ஒரு குவாரிக்குப் பக்கத்தில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்தவர். அதனால் அவர் எடைமேடைக்காரர், அவள் எடைமேடையம்மா. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். மெஷினில் போடுவதற்கு முன் ஒரு எடை, எடுத்த பின் ஒரு எடை. நடுவில் குறைவது உடம்பில் தேங்கிய தண்ணீர். "முப்பது வருஷம் லோடு வண்டியும் காலி வண்டியும் நான் எடை போட்டேன், இப்ப என்னை ஏத்தி இறக்கறாங்க" என்று புது நர்ஸ் யார் வந்தாலும் சொல்லுவார். பழைய நர்சுகள் அவர் வாயைத் திறக்கும்போதே சிரித்துவைப்பார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று.

ஊரிலிருந்து ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். மாவட்ட நிர்வாகம் ஒரு வேன் விட்டிருந்தது, செவ்வாய், வியாழன், சனி. அந்த வேன் பத்து நாளாக ஒர்க்ஷாப்பில் கிடந்து, இன்றைக்குத்தான் திரும்ப ஓடுகிறது. அவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமையே வேனும் படுத்துவிட்டது. இத்தனை நாள் கழித்து ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டதும்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் வேன் வாசலுக்கே வந்து நின்றுவிட்டது.

ஏனென்றால் டிரைவருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. அவர் நல்ல மனிதர்தான். அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர்தான். ஆனால் நாலு வருஷமாகத் திருப்பிய ஸ்டியரிங் அந்தத் திருப்பம் வந்ததும் தானாகத் திரும்பிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த தையல்காரர் திருப்பத்தைக் கவனித்தாராம், டீச்சர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாராம். டீச்சரும் கவனித்தாராம், தையல்காரர்தான் எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவராயிற்றே என்று இருந்துவிட்டாராம். ஆக மூன்று பேரும் சேர்ந்து, செத்துப்போனவரைக் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். அவரை அனுப்ப அவளும் தயாராக நின்றாள்.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, மன்னிச்சிடுங்கம்மா. ஏதோ நெனைப்புல..."

"நானும்தான்" என்றாள் அவள். பையைக் காட்டினாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வந்தது அழுகை.

அப்போது அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான், திரும்பி வீட்டுக்குள் போவது. ஆனால் அந்தப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்து, போர்வையை மடித்து அலமாரியில் வைப்பதை நினைத்தாலே கால் மறுத்தது. தையல்காரர் கதவை நன்றாகத் திறந்துவிட்டார். "ஏறுங்கம்மா. நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்" என்றார். அவள் ஏறிவிட்டாள்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. டீச்சர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவர், நாற்பத்தைந்து வயசு, தனிக்கட்டை.

"என்னாச்சும்மா உனக்கு?"

"பஸ்ஸுல போயிட்டு வந்தேன் அக்கா" என்றார் டீச்சர், ஏதோ சண்டைக்குப் போய்விட்டு வந்ததைப் போல.

மெஷினில் தண்ணீர் எடுத்த பிறகு டீச்சருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். வேனில் என்றால் காலைத் தூக்கிப் பின் சீட்டில் படுத்துக்கொள்வார். வேன் இல்லாத நாட்களில் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்காக நிற்கையில் கண் இருட்டி, நடைமேடை விளிம்பில் முகம் மோத விழுந்திருக்கிறார். ஏழு தையல். தையல்காரர் மட்டும் அதில் ஒரு குறை கண்டுபிடித்திருந்தார். "தையல் சரியில்லம்மா. இவ்வளவு இடைவெளி விட்டா துணியே தாங்காது" என்றார். டீச்சர் சிரித்தால் நெற்றி வலிக்கும் என்று உதட்டை மட்டும் கோணினார்.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் டிரைவர் எப்போதும்போல தாள் செருகிய ஒரு அட்டையைப் பின்னால் நீட்டினார். பயணத் தாள். தேதி, போகும் கிலோமீட்டர், கீழே நோயாளிகளின் கையெழுத்து. தையல்காரர் போட்டார். டீச்சர் போட்டார். அட்டை எடைமேடையம்மாவிடம் வந்தது, அவளும் மூன்றாவது வரியில் போட்டாள். போட்டு, பேனாவை மூடி, அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அதுவும் பழக்க தோஷம்தான். வீட்டுக்காரரின் இடது கையில் மெஷினுக்காகப் போட்டிருந்த ரத்தக்குழாய் இணைப்பு முதல் மாசமே கெட்டு, வலது கையில் புதிதாகப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் கையெழுத்தெல்லாம் அவள் போட்டதுதான். போகிற வழியெல்லாம் அவருக்கும் தையல்காரருக்கும் யார் உடம்பில் அதிகத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று போட்டி வேறு. அந்த மும்முரத்தில் அவர் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"அடிச்சிடறேன், கொடுங்க" என்றாள்.

"வேணாம்மா" என்றார் டிரைவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடிச்சா ரெண்டு பேருன்னு ஆயிடும். மூணு பேருக்குக் கீழ போனா வண்டிய நிறுத்திடுவாங்க. அதுதான் விதி. ஷெட்டுல நிக்கும். இவங்க ரெண்டு பேரும் பஸ்ஸுலதான் போகணும்."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தையல்காரர், பேச்சில் யாருக்கும் இடம் கொடுக்காத மனிதர், தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் கையெழுத்தை அடிக்காமல் விட்டாள்.

இப்படித்தான் எடைமேடையம்மா, மெஷினில் போட யாருமில்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தாள். அந்தச் செவ்வாய், வியாழன், சனி. அடுத்த செவ்வாய், வியாழன். டயாலிசிஸ் வார்டில் அவர் பெயரை அடித்து, அவர் படுத்த மூன்றாம் நம்பர் கட்டிலை மறுநாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வேன் விவகாரம் மாடியில், போக்குவரத்துப் பிரிவு என்று ஒரு அறையில். கீழே ஒருவர் செத்தால் அந்தச் செய்தி மாடிப்படி ஏறிப் போவதற்கு வழியில்லை. இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இருபத்திரண்டு படிதான், அவளே எண்ணியிருக்கிறாள், ஆனால் காகிதத்துக்குக் கால் இல்லையே.

வார்டு வாசலில் துணைக்கு வந்தவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்ச் உண்டு. அவள் அங்கே தன் பழைய இடத்தில் உட்காருவாள். டீச்சருக்குத் தனியாக யாரும் வருவதில்லை என்பதால், மெஷினிலிருந்து எடுத்ததும் போய்க் கையைப் பிடித்து உட்காரவைப்பாள், பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுப்பாள், ஐந்து நிமிஷம் கழித்துத்தான் எழுந்திருக்க விடுவாள். இவர்களுக்காகத்தானே வருகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. வீட்டில் மணி பதினொன்று ஆவதற்குள் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. நாலு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியை வாய் ஓயாமல் திட்டினாள். அந்த பினாயில் வாடையும், கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கிற மெஷின் சத்தமும் ஒழிந்தால் போதும் என்றிருந்தாள். இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் மத்தியானம் கண்ணயர முடிகிறது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

மகள் தினமும் போன் செய்தாள். வேறு ஊரில், பெரிய ஊரில் இருக்கிறாள்.

"எப்பம்மா வர்றே? அப்பா காரியம் முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னியே."

"வர்றேன். கொஞ்சம் வேலை இருக்கு."

"என்ன வேலை உனக்கு?"

"ஆஸ்பத்திரி வேலைதான்."

மகள் அந்த வார்த்தையைத் திருப்பிக் கேட்டாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்திருப்பாள், பாவம். எடைமேடையம்மா விவரம் சொல்லாமல் பேச்சை மாற்றினாள். பொய்க் கையெழுத்து என்று மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. மாவட்ட ஆஸ்பத்திரி, போக்குவரத்துப் பிரிவு. அவருடைய பெயருக்கு. பயண அட்டையின் காலம் முடிந்துவிட்டதால் புதுப்பிக்க வேண்டும், வரும் சனிக்கிழமை தாங்கள் தவறாமல் நேரில் வரவும், வரத் தவறினால் தங்கள் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். தங்களாம், தவறாமலாம். உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட இவ்வளவு மரியாதையாக அவருக்குக் கடிதம் வந்ததில்லை.

சனிக்கிழமை அந்த இருபத்திரண்டு படியையும் ஏறினாள். தையல்காரர் தன்னோடு வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டாள். அவர் வந்தால் பேசிப் பேசியே வேனின் நாலு சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார்.

மாடி அறையில் ஒரு மேஜை, இரண்டு இரும்பு அலமாரி, சுவர் முழுக்க மாவட்டத்தின் வரைபடம். அதில் வேன் போகிற வழிகளை வேறு வேறு நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் போகிறது பச்சைக் கோடு. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத்தான் தேடுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"உட்காருங்கம்மா. அவர் எங்க?"

"அவரால வர முடியாது சார்."

"வீல்சேர் அனுப்பறேன். கீழதான இருக்காரு?"

"வீல்சேர்லயும் வர முடியாது. எறந்துட்டாரு."

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு ஃபைலை எடுத்து, பயணத் தாள்களைப் புரட்டி, ஒன்றை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "நேத்து முன்தினம் கையெழுத்துப் போட்டிருக்காரே."

"நான் போட்டது. நாலு வருஷமா நான்தான் போடறேன். அவர் இருந்தப்பவும் நான்தான்."

அவர் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். அத்தனையிலும் ஒரே கையெழுத்து, உயிரோடு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும். "இது தப்பும்மா" என்றார்.

"தப்புதான்" என்றாள். மழுப்ப அவளுக்குத் தெரியாது. "டிரைவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் புள்ளகுட்டிக்காரரு. என்னைய என்ன வேணா செய்ங்க. ஆனா சார், ஒரு நிமிஷம் கீழ வந்து அந்த டீச்சர் மூஞ்சியப் பார்த்துட்டு அப்புறம் வண்டிய நிறுத்துங்க. பத்து நாள் வண்டி இல்லாததுக்கே ஏழு தையல். தையல்காரருக்கு அறுபத்தெட்டு வயசு. மெஷின்ல இருந்து எறங்கினா அவருக்கு ரோடு எந்தப் பக்கம்னு தெரியாது. பஸ்ஸுல வாரக்கணக்குல போனா, ஒரு நாள் வேணாம்னு வீட்லயே இருந்துடுவாங்க. ரெண்டு நாள் இருந்தாங்கன்னா மூணாவது நாள் இருக்க மாட்டாங்க. அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவர் வரைபடத்தைப் பார்த்தார். "மூணு பேருங்கற கணக்கை நான் வைக்கலம்மா. மேல இருந்து வந்தது."

"மேலன்னா யாரு? நான் அங்கயும் படி ஏறறேன்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டீங்களா?"

"எழுதிக் கொடுத்திருக்கு. இன்னும் பதினஞ்சு நாள் ஆகும்னாங்க."

"பேரை நீக்கணும்னா எனக்குச் சான்றிதழ் வேணும். வாய்ச்சொல்லை வெச்சு நீக்க முடியாது, அதுவும் விதிதான்." நாள்காட்டியில் விரலை வைத்து எண்ணினார். "மாசக் கடைசி சனிக்கிழமை கொண்டு வாங்க. அதுவரைக்கும் பட்டியல்ல மூணு பேரு. கையெழுத்து மட்டும் இனிமே போடாதீங்க. அந்த எடத்துல வரவில்லைன்னு டிரைவர் எழுதட்டும். நீங்க டீச்சருக்குத் துணையா வரலாம். அதுக்குள்ள உங்க பக்கத்துல இருந்து மூணாவதா ஒரு நோயாளி வந்துட்டா, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. வரலைன்னா என் கையில இல்ல."

அவள் கீழே இறங்கி வந்து மூன்று பேரிடமும் சொன்னாள். உயிர் வந்ததுபோல் இருந்தது எல்லோருக்கும். இரண்டு வாரம் இருக்கிறது. ஒரே ஒரு ஆள்தானே.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தார்கள். தையல்காரர் வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி தேடினார். மருந்துக்கடையில் சொல்லிவைத்தார், லேப்பில் சொல்லிவைத்தார், அளவு கொடுக்க வருகிறவர்களிடமும் சொல்லிவைத்தார். "கிட்னி கெட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நல்ல வண்டி, ஏசி சுமாரா வேலை செய்யும்." ஒருவர் கால்சட்டையைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். டிரைவர் ஊர் ஊராகப் போகிற தன் சிநேகிதர்களிடம் விசாரித்தார். பக்கத்து ஊரில் ஒருவர் இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் அவருக்குக் கல்லடைப்பு, அதுவும் சரியாகிவிட்டதாம். "சரியாயிடுச்சாம்மா" என்று டிரைவர் சொன்னபோது குரலில் இருந்த ஏமாற்றத்தை அவரே கவனிக்கவில்லை.

எடைமேடையம்மா மட்டும் என்ன யோக்கியம்? சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவள், எதிரே நின்ற ஒருவரின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. முகத்தைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழும் உப்பல். சரி, ஆறு மாசம் போனால் இவர் நிச்சயம், ஆனால் நமக்கு ஆறு மாசம் இல்லையே என்று மனசு கணக்குப் போட்டது. அந்த ஆள் அவளைப் பார்த்துச் சிரித்தார், தெரிந்தவர் போலிருக்கிறது என்று. அவள் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டாள். நல்ல புத்தி கெட்டுப்போச்சு எனக்கு என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களின் கால்களையும் பார்த்தாள்.

மாசக் கடைசிக்கு முந்தைய வியாழக்கிழமை, வார்டு நர்ஸ் வெளியே வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். "அம்மா, உங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் புதுசா சேர்ந்திருக்காங்க. மேல லிஸ்ட்டுக்கும் அனுப்பியாச்சு. சனிக்கிழமையில இருந்து உங்க வண்டிதான்."

சாயங்காலம் வேனில் ஒரே கொண்டாட்டம். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். தையல்காரர் தன் பழைய கதைகளில் மிகவும் பழையதை எடுத்துவிட்டார். பின் சீட்டில் காலைத் தூக்கிப் படுத்திருந்த டீச்சர்கூடச் சிரித்தார், தையல் பிரித்தாகிவிட்டது, இப்போது சிரிக்கலாம். சான்றிதழும் புதன்கிழமையே கைக்கு வந்திருந்தது. எடைமேடையம்மா அன்று வீட்டுக்குப் போனதும் மகளுக்குத் தானாக போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். டிக்கெட் போட்டுடு" என்றாள். நாலு வருஷத்தில் அப்படி நிம்மதியாக அவள் தூங்கியதில்லை.

சனிக்கிழமை வேன் கால் மணி நேரம் முன்னாடியே கிளம்பியது. புது ஆளின் வீடு பாதையை விட்டுத் தள்ளி, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சின்னத் தெருவில். தையல்காரர் சலவைச் சட்டை போட்டு, எல்லோருக்கும் என்று ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். வேன் நின்றது. அவரே கதவைத் திறந்தார்.

வெளியே ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுக்கு மேல் இருக்காது. போன் கடை ஒன்றின் பெயர் போட்ட சட்டை, வேலைக்குப் போட்டுக்கொண்டு போவது. ஆஸ்பத்திரியில் முடிந்ததும் கடைக்குப் போய்விடலாம் என்று அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கால் வீங்கிப்போய்த் தன் செருப்பு எதுவும் நுழையாமல், ஆண்கள் போடும் பெரிய ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, அந்தச் செருப்புக்கு உரியவர், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பெயின்டர் போலிருக்கிறது, எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட் போகவில்லை.

டிரைவர் ரேடியோவை அணைத்தார். தையல்காரர் பிஸ்கட் பாக்கெட்டை மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

பெண் ஏறினாள். அப்பா ஏறினார். வேன் திரும்பி, பள்ளத்தில் இறங்கி ஏறி, பெரிய ரோட்டுக்கு வந்தது. ஒருவரும் பேசவில்லை. பேசாததைத் தப்பாக எடுத்துக்கொண்டார் அப்பா. தங்களால்தான் இவர்களுக்கு முகம் சுண்டிப்போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார். சீட்டின் நுனியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"எங்களால உங்களுக்கெல்லாம் சிரமம். எங்க தெருவுக்காக வண்டி சுத்திக்கிட்டு வருதுன்னு சொன்னாங்க. சீக்கிரமே எந்திரிச்சிருப்பீங்க. மன்னிச்சுக்கணும்" என்றார்.

தையல்காரர் மறுபடி சட்டைப் பொத்தானைத் திருகினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எடைமேடையம்மா அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். ரெண்டு வாரமாக நாங்கள் இவளைத்தானே கேட்டோம். மருந்துக்கடையில் சொல்லிவைத்தது இவளைத்தான், சந்தையில் குனிந்து குனிந்து தேடியது இந்தக் காலைத்தான். வியாழக்கிழமை ரேடியோ வைத்துச் சிரித்தோமே, அந்த நேரத்தில் இந்த மனிதர் எங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாரோ. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. சொல்லி அழலாமா என்றால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

"சுத்து ஒண்ணுமில்ல. நல்லா சாய்ஞ்சு உட்காருங்க" என்றாள்.

பெட்ரோல் பங்க் வந்தது. டிரைவர் அட்டையை நீட்டினார். தையல்காரர், டீச்சர், பிறகு அந்தப் பெண். மூன்றாவது வரி எது என்று தெரியாமல் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எடைமேடையம்மா விரல் வைத்துக் காட்டினாள். பெண் தன் பெயரை முழுசாக, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல் எழுதினாள்.

ஆஸ்பத்திரியில் எடைமேடையம்மா நேராக மாடிக்குப் போய்ச் சான்றிதழைக் கொடுத்தாள். அதிகாரி அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பட்டியலை எடுத்து, அளவுகோலை வைத்து அவர் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். "அப்புறம் என்னம்மா, வண்டிக்குக் கவலையில்ல" என்றார். "ஆமாங்க" என்றாள். அவள் வேலை முடிந்தது. சாயங்காலம்வரை காத்திருக்கக்கூட வேண்டாம், வெளியே போனால் பஸ். வீட்டில் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. நாளைக் காலை ரயில்.

கீழே இறங்கி வந்தாள். வார்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளிருந்து மெஷின் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா கதவுக்கு நேர் எதிரே, பெஞ்ச் காலியாக இருக்கையில், மகளின் பெரிய செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே செருப்போடு விடவில்லை போலிருக்கிறது. யார் கதவைத் திறந்தாலும் வழிவிட்டு நகர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

எடைமேடையம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நாலு மணி நேரம் ஆகுங்க. நின்னா தாங்காது, இப்படி வாங்க" என்றாள்.

அவர் வந்து, செருப்பைக் கீழே சேர்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். யாரிடமாவது ஏதாவது பேசியாக வேண்டும் என்று இருந்திருக்கும் அவருக்கு.

"உங்களுக்கு உள்ள யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

அவள் கதவைப் பார்த்தாள். தையல்காரர் இந்நேரம் எடை மேல் ஏறி இறங்கியிருப்பார், டீச்சருக்கு ஊசி குத்தியிருப்பார்கள், அந்தப் பெண் பயந்துபோய்க் கண்ணை இறுக்கிக்கொண்டிருப்பாள்.

"மூணு பேர் இருக்காங்க" என்றாள்.